எட்டு மணி மாத்திரை

"மாத்திரை எங்க?" என்றார் கணவர். மணி எட்டு.

மனைவியின் உள்ளங்கையில்தான் இருந்தது. "இன்னைக்குக் கிடையாது" என்று சொல்லிவிட்டு, அதை டப்பாவுக்குள் போட்டு அலமாரியைப் பூட்டினாள்.

"புருஷனைச் சோத்துக்குப் பட்டினி போடுறவங்களைக் கேள்விப்பட்டிருக்கேன். மாத்திரைப் பட்டினியை இப்பத்தான் பாக்கறேன்."

"பேசாம இருங்க. போன வருஷம் நடந்தது மறந்துபோச்சா?"

மறக்கவில்லை. பார்க்கின்சன் நோய்க்கு அந்த மாத்திரை ஒரு சாவி மாதிரி. விழுங்கிய முக்கால் மணி நேரத்தில் கால் சொன்ன பேச்சைக் கேட்கும். நாலு மணி நேரம் போனால் மறுபடி மக்கர் பண்ணும். கடையில் வாங்கிக் கட்டுப்படியாகாது. அரசுக் காப்பீட்டில் மாதாமாதம் வருவதால்தான் அவர் நடமாடுகிறார்.

வீட்டுக்கு ஓர் உதவியாள் கேட்டிருந்தார்கள். போன வருஷம் காப்பீட்டு டாக்டர் பார்க்க வந்தது, மாத்திரை வேலை செய்யும் நல்ல நேரத்தில். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த கணவர் மிடுக்காக எழுந்துபோய்க் கதவைத் திறந்து, டாக்டருக்கு நாற்காலி வேறு இழுத்துப் போட்டார். 'ஆள் தேவையில்லை' என்று எழுதிவிட்டார்கள். பிறகு குளியலறையில் இரண்டு முறை விழுந்தார். தூக்கி நிறுத்தியதில் அவள் இடுப்பும் போயிற்று.

மறுபடி விண்ணப்பித்திருந்ததால், பத்தரைக்கு அதே டாக்டர் வந்தார். "எங்க, கொஞ்சம் நடங்க பாப்போம்."

கணவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். இரண்டு எட்டு வைத்ததும், பாதத்துக்கடியில் பசை தடவியதுபோல நின்றுவிட்டார். வலது கை தடதடவென்று ஆடியது.

"ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுபோச்சு, டாக்டர்" என்று முணுமுணுத்தார்.

அவள் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டாள்.

"மாத்திரை வேளாவேளைக்குக் கொடுக்கறீங்களா?"

"கடிகாரத்தைப் பாத்துப் பாத்துக் கொடுக்கறேன்."

"இன்னைக்கு?"

"எட்டு மணிக்குக் கொடுத்தாச்சு."

"இதுல ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா. சொன்னது பொய்னு தெரிஞ்சா காப்பீட்டுக் கார்டையே ரத்து பண்ணிடுவாங்க. அதனாலதான் கேக்கறோம்."

கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் முறைத்த முறைப்பில் அடங்கிப்போனார். கையெழுத்துப் போட்டாள்.

டாக்டர் நிதானமாக இரண்டு பக்கம் எழுதினார். "போன தடவை உங்களுக்கு அநியாயம் பண்ணிட்டோம்மா. இனிமே தினம் நாலு மணி நேரம் ஆள் வருவாங்க."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒரு வருஷத்து இடுப்பு வலி அந்த நிமிஷமே பாதி இறங்கியதுபோல் இருந்தது.

டாக்டர் முத்திரை குத்தி, காகிதத்தைப் பைக்குள் வைத்தார். அவர் குரலில் இருந்தது நிஜமான இரக்கம்.

"சாப்பிட்டும் இப்படி ஆடுறார்னா அந்த மாத்திரை இவருக்குக் கேக்கலைம்மா, அதை நிறுத்தச் சொல்லி எழுதிட்டேன்."