பிள்ளை மேலே ஏறக் கூடாது

"அண்ணாச்சி, சீக்கிரம் வெளிய வாங்க! நம்ம பெமிலா பறந்துட்டு கெடக்கா!"

பக்கத்துப் பழக்கடை சுதன் செல்போனை நீட்டிக்கொண்டே ஓடி வந்தான். ஆபேல் தன் ரப்பர் கடையில் எடைபோட எடுத்த ஷீட்டை அப்படியே போட்டுவிட்டு எழுந்தார்.

"லே, வெளையாடாத. அவ கீழ நின்னுதான் படம் எடுப்பா."

"நீங்களே பாருங்க. லைவா ஓடிட்டு இருக்கு."

திரையில் இமாச்சலத்து மலைகள் உப்பளம் போல வெளுத்துக் கிடந்தன. அவற்றுக்கு மேலே முக்கோணமாக ஒரு மஞ்சள் சிறகு. எஞ்சின் கிடையாது, இருக்கை கிடையாது. சிறகுக்கு அடியில் இரண்டு பேர் குப்புறப் படுத்த மாதிரி தொங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் ஓட்டுகிறவன். இன்னொருவர் ஹெல்மெட்டும் கறுப்புக் கண்ணாடியுமாக, கையில் கேமராவோடு.

சிவப்பு ஜாக்கெட். நாகர்கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஆபேல்தான் மகள் பெமிலாவுக்கு வாங்கிக் கொடுத்தார்.



பெமிலா கேமரா படித்தவள். பனிமலைகளைத் தாண்டி ஹேங் கிளைடரில் நெடுந்தூரம் பறப்பதைப் படமாக்குவதுதான் அவளுக்குக் கிடைத்த முதல் வேலை. ஓட்டுகிறவனோடு ஒருவர் தொங்கிக்கொண்டே படம் பிடிக்க வேண்டும் என்று கேள்விப்பட்டதுமே ஆபேல் முடியாது என்றுவிட்டார். வீட்டில் யாரும் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் அவர் மனைவி நேசபாய்தான் சமாதானத்துக்கு வந்தாள்.

"நானும் கூடப் போறேன். பிள்ள மேல ஏற மாட்டா. அதுக்கு நான் பொறுப்பு. போதுமா?"

அந்த வாக்கை நம்பித்தான் இருவரையும் ரயில் ஏற்றிவிட்டார்.

"பொறுப்பாம் பொறுப்பு!" ஆபேல் நேசபாயின் எண்ணை அழுத்தினார். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி அழுத்தினார். அப்போதும் எடுக்கவில்லை.

"எங்க போய்த் தொலஞ்சா இவ? பிள்ள ஆகாசத்துல தொங்குது, இவ போன எங்கயோ வச்சிட்டு வேடிக்க பாக்குதா!"

"பெமிலாக்க நம்பர்ல கூப்பிட்டுப் பாருங்களேன்."

"மேல தொங்குறவ எப்படிலே போன எடுப்பா?"



கீழே மலைப்பாதையில் ஜீப்பில் துரத்திக்கொண்டே எவனோ படம் பிடிக்கிறான் போலிருக்கிறது. படம் குலுங்கியது. சிறகு ஒரு பனிச்சரிவை உரசுகிற மாதிரி நெருங்கியது. சட்டென்று காற்று அடித்திருக்க வேண்டும். சிறகின் ஒரு பக்கம் செங்குத்தாக எழும்பியது. சிவப்பு ஜாக்கெட் துணிப்பொம்மை போல ஒரு பக்கமாக வீசப்பட்டது.

"அய்யோ!" என்றான் சுதன்.

அடுத்த நொடி திரை முழுக்க வெள்ளை. பிறகு அதுவும் உறைந்து நின்று, நடுவில் ஒரு வளையம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"என்ன ஆச்சுலே? என்ன ஆச்சு?"

"சிக்னல் போயிட்டு அண்ணாச்சி. வெப்ராளப்பட்டுப் பதறாதீங்க. மலையில அப்படித்தான்..."

ஆபேல் கடைப்படியில் உட்கார்ந்துவிட்டார். "கர்த்தாவே, எனக்கு இருக்கது ஒத்தப் பிள்ளையில்லா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சுதன் கொடுத்த தண்ணீர் பாதி சட்டையில் வழிந்தது.

"அவளுக்கு மட்டும் ஏதாவது ஆச்சு, நேசபாய் எனக்க வீட்டுப் படி ஏறக் கூடாது, சுதன். செத்தாலும் அவ மொகத்துல முழிக்க மாட்டேன்."

சுதன் திரையைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தான். வளையம் நிற்கவில்லை.

ஆபேலின் செல்போன் அலறியது. பெமிலா.

"அப்பா..." அழுகிறாளா, மூச்சு வாங்குகிறாளா என்று புரியவில்லை.

"மக்களே! எறங்கிட்டியா? அடி எதுவும் படலியே? ஒங்கம்ம எங்க? குடு அவகிட்ட, நாலு கேக்கணும் அவள!"

"அம்மைக்கு ஒண்ணும் இல்லப்பா. இப்பதான் எறங்குனா. புல்லுல மல்லாந்து படுத்து சிரிச்சிட்டு கெடக்கா."

"எறங்குனாளா? எங்கேந்து?"

"நான் ஜீப்புல இருந்துல்லாப்பா படம் எடுத்தேன்! மேல கேமராவோட ஒரு ஆளு ஏறல்லேன்னா எனக்க வேல போயிரும்னு சொன்னாவ. 'பிள்ள ஏற மாட்டான்னுதான் ஒங்கப்பாட்ட வாக்கு குடுத்தேன், நான் ஏற மாட்டேன்னு சொல்லலியே'ன்னுட்டு அம்மதான் எனக்க ஜாக்கெட்ட மாட்டிட்டுப் பறந்தா!"