வெள்ளெழுத்து

ராணுவ மருத்துவமனையின் கண்ணாடிப் பட்டறையில், எங்கள் ஆஸ்பத்திரிக்கு வரும் முன்னாள் வீரர்களுக்கும் மூக்குக்கண்ணாடி செய்து தருவார்கள். இரண்டு ஆஸ்பத்திரிகளுக்கும் இடையில் அப்படியொரு ஒப்பந்தம். வர்ஜீனியாவில் இருக்கும் எங்கள் ஆஸ்பத்திரியில், அங்கிருந்து வரும் கண்ணாடிப் பெட்டிகளைச் சரிபார்த்து வாங்குவது என் வேலை.

ஒவ்வொரு அக்டோபரிலும் ஒரு கண்ணாடி கூடுதலாக வரும். உறையில் டெல்பர்ட் டாலிவர் என்றிருக்கும். என் பக்கத்து மேஜை வெர்னாவின் மகன். ராணுவத்தில் இருக்கும்போதே இருபத்திரண்டு வயதில் ஈராக்கில் செத்துப்போனவன். அங்கே கேட்டால், அந்தப் பெயருக்கு எதுவும் செய்யவில்லை என்பார்கள். கூடுதலாக வந்ததைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது விதி. வெர்னா கொடுக்க மாட்டாள். பதினேழு கண்ணாடிகள் அவள் வீட்டில் இருக்கின்றன. வருஷா வருஷம் பவர் மட்டும் கொஞ்சம் ஏறும்.

இந்த அக்டோபரில் வந்ததை வெர்னா ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"கீழ படிக்கிற பவரும் சேர்த்திருக்காங்க," என்றேன்.

"நாப்பது ஆயிருச்சுல்ல, ரஸ். வெள்ளெழுத்து வந்திருக்கும்."

வெகுநேரம் அதைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளே உறையில் போட்டு ஒட்டினாள்.

"அனுப்பிரு. அவன் எங்க ராணுவத்தை விட்டு நம்ம பக்கம் வந்தான்? இது இல்லாம பாவம், எப்படிப் படிப்பான்?"

படிவத்தில் திருப்பி அனுப்பக் காரணம் கேட்டிருந்தது. 'உரியவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்' என்று எழுதினேன்.