கடைசிப் பால்

பனையிலிருந்து விழுந்து மண்டை உடைந்த வேல்சாமிக்குக் கடைசிப் பால் ஊற்ற, சிக்கல் கிராமத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு சொந்தங்கள் இராமநாதபுரத்து ஆஸ்பத்திரிக்கு வந்து இறங்கினார்கள்.

நர்ஸ் ஜோதிமேரி வார்டு வாசலை மறித்தாள். “உள்ள யாரு வாயிலயும் பால் ஊத்தக்கூடாது. மயக்கத்துல கெடக்கவுகளுக்கு மூச்சடைச்சு உசுரு போயிரும்.”

“போற உசுருக்குத்தானம்மா ஊத்துறது!” என்றார் மைத்துனர் நாகநாதன். “ஊருல பாடைக்கு மூங்கில் வெட்டியாச்சு.”

“ஆளு பொழைச்சுட்டா?”

“வெட்டுன மூங்கிலுக்கு யாரு பதில் சொல்றது?”

ஜோதிமேரி வாசல் பெஞ்சைப் பார்த்தாள். தலையும் மீசையும் மழித்து, புருவம் வரை கட்டுப் போட்டிருந்த நோயாளி ஒருவர் அங்கே உட்கார்ந்திருந்தார். அவர் எட்டி, நாகநாதன் கையிலிருந்த பால் செம்பை வாங்கி, ஒரே மடக்கில் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டார்.

“கொஞ்சம் சீனி போட்டிருக்கலாம், மச்சான்” என்றார் வேல்சாமி.