கடுகளவு ஓட்டை

“கமலா, கார்புரேட்டரைக் கழுவிட்டியா? நல்லசாமி அண்ணன் வேன் எடுத்துக்கிட்டு வந்துருவார்.”

குளியலறையிலிருந்து கணவன் சோமசுந்தரத்தின் குரல். கமலா ஆறு மாத வயிற்றோடு வராந்தாவில் உட்கார்ந்து மண்ணெண்ணெய்க் கிண்ணத்தைத் துழாவிக்கொண்டிருந்தாள். இந்த ஒரு வருஷத்தில் அவள் அரிசி களைந்ததைவிட இந்த வண்டியின் சாமான்களைக் களைந்ததுதான் அதிகம்.

வண்டி என்றால் ஏதோ பெரிய வண்டி என்று நினைத்துவிட வேண்டாம். பண்ருட்டி முந்திரி வியாபாரி ஒருவரின் கொட்டகையில் கோழி அடைந்து கிடந்த, வெள்ளைக்காரன் காலத்து நூற்றிருபத்தைந்து சி.சி. மோட்டார் சைக்கிள். மைன்ஸ் கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்த சோமசுந்தரம், அதை வாங்கி ரேஸ் வண்டியாக்கி சோழவரம் ரேஸில் ஓட்டிக் காட்டுகிறேன் என்று வாய்விட்டுவிட்டார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஷிஃப்ட் மொத்தமும் அந்தப் பேச்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

அன்றிலிருந்து வீடு வீடாக இல்லை. எடை குறையவேண்டும் என்று மட்கார்டு போனது, ஹெட்லைட் போனது, பின் சீட்டும் போனது. நான் எங்கே உட்காருவது என்று கமலா கேட்டதற்கு, ரேஸ் வண்டியில் பெண்டாட்டியை ஏற்றுவார்களா என்று சிரித்தார். துவரம்பருப்பு டின்னுக்குப் பக்கத்தில் பிஸ்டன் குடியேறியது. ஷிஃப்ட் முடிந்து கரித்தூளோடு வருகிறவர் சாப்பிட்ட கையோடு அரத்தைத் தூக்குவார், ராவிக்கொண்டே தூங்கிப்போவார். அவருக்கும் ஓய்வில்லை, அவளுக்கும் ஓய்வில்லை.

அதையெல்லாம்கூடக் கமலா பொறுத்துக்கொண்டாள். எதிர் குவார்ட்டர்ஸ் ஜெயராமனைத்தான் பார்க்க முடியவில்லை. போன வருஷம் ரேஸில் சறுக்கி விழுந்தவர். இப்போது கம்பு ஊன்றித்தான் கம்பெனி பஸ் ஏறுகிறார். காலையில் அந்தக் கம்புச் சத்தம் கேட்டுத்தான் இந்த வீட்டில் கண் விழிப்பது.

அழுதாயிற்று, கெஞ்சியாயிற்று, பட்டினி கிடந்தும் பார்த்தாயிற்று. எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே பதில்.

“பயம்னா என்னன்னே எனக்குத் தெரியாது கமலா.”

கடைசியில் முருகன் படத்துக்கு முன்னால் நின்று முறையிட்டாள். அதற்கும் கேலி. அவர் சாமி இல்லை என்கிற கட்சி. கல்யாணமாகி நாலு வருஷத்தில் அந்தப் படத்தின் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை.

கிண்ணத்தின் அடியில் கைக்கு அகப்பட்டது ஜெட். நடுவில் கடுகளவு ஓட்டை போட்ட பித்தளைத் திருகு. அந்த ஓட்டை வழியாகத்தான் பெட்ரோல் இன்ஜினுக்குப் போகவேண்டும். அது இல்லையென்றால் ரேஸ் வண்டி மறுபடி கோழிக்கூடுதான்.

கமலா குளியலறைக் கதவைப் பார்த்தாள். ஜெட்டை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

சோழவரம் போக வேன் வந்தது. ஃபோர்மேன் நல்லசாமி சக்கரத்துக்கு எலுமிச்சம்பழமும் ஹேண்டில்பாருக்கு மாலையுமாக, ஷிஃப்ட் ஆட்களோடு இறங்கினார். சோமசுந்தரம் கார்புரேட்டரை மாட்ட உட்கார்ந்தார். கிண்ணத்தைத் துழாவினார், கவிழ்த்தார், வராந்தா முழுக்கத் தடவினார். வந்தவர்களும் குனிந்து தேடினார்கள். கமலா சுவரோடு சுவராக நின்றாள்.

“ஸ்பேர் ஜெட் ஒண்ணு இருக்குன்னியே சோமு?” என்றார் நல்லசாமி.

கமலா அதை மறந்தே போயிருந்தாள். பீரோவில், தீப்பெட்டிக்குள். காலையில்கூடப் பார்த்தாளே.

சோமசுந்தரம் எண்ணெய்க் கையோடு உள்ளே போனார். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. வெளியே வர ரொம்ப நேரமாயிற்று. வந்தபோது முகமெல்லாம் வியர்த்திருந்தது.

“அதையும் காணோம்ணே.”

கமலா திடுக்கிட்டாள். அவள் எடுத்தது ஒன்றைத்தானே?

“இந்த வீட்டுல ஒரு சாமான் வச்ச எடத்துல இருக்கா?” என்று அத்தனை பேர் முன்னால் அவர் அவளிடம் எரிந்து விழுந்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். திட்டு வாங்கி மனசு இவ்வளவு குளிர்ந்தது அவளுக்கு அன்றுதான்.

இந்த வண்டிக்கு ஜெட் பண்ருட்டியில் என்ன, மெட்ராஸிலேயே கிடைக்காது. நல்லசாமி மாலையைக் கழற்றி வேன் முகப்பில் மாட்டினார். ரேஸையாவது பார்த்துவிட்டு வருகிறோம் என்று எல்லோரும் கிளம்பிப் போனார்கள். சோமசுந்தரம் வண்டிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பார்க்கப் பாவமாக இருந்தது. ஒரு வருஷ உழைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அவளால் நிமிர்ந்து நிற்க முடியவில்லை.

பொழுது சாய்ந்ததும் சாமி விளக்கேற்ற அடுப்பங்கரைத் தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“நீ படுத்துக்க கமலா. வெளக்க இன்னைக்கி நான் ஏத்தறேன்” என்றார்.

கமலா அவரையே பார்த்தாள். துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டதோ?

“உங்களுக்கு எதுக்குங்க அதெல்லாம்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவர் பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்தார்.

முருகன் படத்துக்கு முன்னால் நின்றதும் அழுகை வந்தது. ஒன்றை நான் எடுத்தேன், இன்னொன்றை நீ எடுத்துக்கொண்டாய், மன்னித்துவிடு, இதையும் நீயே வைத்துக்கொள் என்று வேண்டிக்கொண்டு இடுப்பிலிருந்த ஜெட்டை எடுத்தாள். படத்துக்குப் பின்னால் வைக்கப்போன கையில் ஏதோ தட்டுப்பட்டது.

பீரோவில் இருந்த அந்தத் தீப்பெட்டி. திறந்தாள், ஸ்பேர் ஜெட் உள்ளே பத்திரமாக இருந்தது.

விளக்கை ஏற்றித் தூக்கிப் பிடித்தாள். முருகனின் வேலுக்குப் பக்கத்தில், கண்ணாடியில், பயம் என்றால் என்னவென்றே தெரியாதவரின் கட்டைவிரல் எண்ணெய்க்கறையாகப் பதிந்திருந்தது. கமலா தன் ஜெட்டையும் அந்தத் தீப்பெட்டிக்குள் போட்டு மூடி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, முந்தானையால் அந்தக் கறையைத் துடைத்தாள்.