லீவு இல்லாத வேலை

“ஊர் ஊரா சுத்தணும்னுதானே வாத்தியார் வேலைக்குப் போன? அத்தனை லீவையும் விட்டுட்டு மேரு டவுன்ல ஒரு ஃபேக்டரிக்குப் போறேங்கிறியே!” அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். “உன் அய்யாவு மாமா மாதிரியே ஆகப்போற. கல்யாண சீசன்னு இல்ல, எப்பவுமே பூக்கடையை விட்டு நகர முடியாம, பாவம், சொந்தத்துல ஒரு கல்யாணத்துக்கும் வந்ததில்ல.”

குருபரன் ஃபேக்டரி வேலைக் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

பள்ளி விடுமுறை நெருங்கியதும் பூச்சோங்கில் இருக்கும் அத்தை போன் செய்தார்.

“தம்பி, மக கல்யாணம். வழக்கம்போல பந்தியை நீதான் பார்த்துக்கணும்.”

“லீவு கொடுக்க மாட்டேங்கிறாங்க அத்தை.”

“அடப்பாவமே! வாத்தியாரா இருந்தப்ப ஒண்ணுகூட விட மாட்டியேப்பா!”

எப்படி விடுவது? சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் பள்ளி விடுமுறையில்தான் கல்யாணம் வைத்தார்கள். ‘வாத்தியார் சும்மாதானே இருக்கார்’ என்று ஆளாளுக்குக் கூப்பிட்டார்கள். வாத்தியாராக இருந்த காலமெல்லாம் அவன் சுற்றிப் பார்த்தது கிள்ளானிலும் பூச்சோங்கிலும் உள்ள கல்யாண மண்டபங்களை மட்டும்தான்.

பள்ளிகள் திறந்தன. கல்யாணங்கள் ஓய்ந்தன. ஃபேக்டரியில் கிடைத்த கொஞ்சம் லீவைப் போட்டுவிட்டு, குருபரன் நேப்பாளத்துக்கு விமானம் ஏறினான்.

அங்கே ஏரிக்கரையில் படகுக்கு வரிசையில் நின்றபோது, முன்னால் நின்ற கம்பளித் தொப்பிக்காரர் திரும்பினார்.

“அய்யாவு மாமா! கடை?”

“கத்தாத மருமகனே,” மாமா அவன் கையைப் பிடித்து அழுத்தினார். “உங்கம்மா கேட்டா, நான் கடையிலதான் இருக்கேன் லா.”

“சரி மாமா. நான் ஃபேக்டரியில இருக்கேன்.”