தொட்டால் சுடாத ரேடியேட்டர்

லூசியானாவின் நெல்வயல்களுக்கு நடுவே இருந்த அந்த ஓடுதளத்தில் யாரும் எழுதி வைக்காத விதி ஒன்று உண்டு: அடுத்தவன் தன் கையால் கட்டிய விமானத்தில் குறை சொல்லக்கூடாது. சொன்னால் அதற்குப் பெயர் பொறாமை.

"தொட்டுப் பாருங்க எர்லீன், சும்மா தொடுங்க!" என்றான் ரெமி. ஆகஸ்ட் வெயிலில் தனியாக ஒரு வட்டமடித்து அப்போதுதான் இறங்கியிருந்தான். இன்ஜினின் முன்மூடியைத் திறந்து, வலப்பக்க ரேடியேட்டர்மேல் உள்ளங்கையைப் பதித்திருந்தான்.

எர்லீன் தொட்டாள். "அட, கொஞ்சங்கூடச் சுடலையே!"

"சூடு காட்டுற மீட்டரோட கம்பியும் இதுலதான் இருக்கு. முள்ளு அசையவே இல்ல. நம்ம க்ளோவிஸ் இன்ஜின் தண்ணில இறாலே அவிச்சிடலாம்!"

எர்லீனின் கணவன் க்ளோவிஸ் பல்லைக் கடித்துக்கொண்டான். இருவர் விமானத்திலும் பழைய காரின் சுழல் இன்ஜின்தான். இருவருக்கும் இரண்டிரண்டு ரேடியேட்டர்கள். க்ளோவிஸின் குழாயில், இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் ஒன்றைக் கடந்துதான் மற்றொன்றுக்குள் போக முடியும். ரெமியோ குழாயைக் கிளையாகப் பிரித்து, இரண்டுக்கும் பங்கிட்டு விட்டிருந்தான்.

"நான் ரெமிகூட ஒரு சுத்து போய்ட்டு வரேன். உன்னோடதுல ஏறினா, கொதிக்குதுன்னு உடனே இறக்கிடுவே" என்றாள் எர்லீன்.

ரெமியின் பக்கத்து இருக்கையில் அமர்ந்து, பட்டையை மாட்டிக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு தன் விமானத்தில் ஒருமுறைகூடக் கேட்டதில்லை என்பது க்ளோவிஸுக்கு உறைத்தது. நாளைக்கே குழாயை அறுத்து ரெமியைப் போலவே மாற்றிவிட வேண்டும்.

ரெமியின் விமானம் நகரத் தொடங்கியது. சற்றுமுன் பறந்துவிட்டு வந்த தன் விமானத்தின் அருகே போய், ஆற்றாமையோடு ரேடியேட்டரில் கையை ஊன்றினான் க்ளோவிஸ்.

சுரீரென்றது. உதறிக்கொண்டே மற்றதைத் தொட்டான். அதுவும் சுட்டது. சிவந்த உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு நின்றான். இன்ஜினின் சூடு தண்ணீரோடு இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. அப்படியானால், ரெமியின் இன்ஜின் சூடு எங்கே போனது?

ஓடினான். ஓடுதளத்தின் நடுவே போய், இரு கைகளையும் விரித்து மறித்தான்.

கொட்டகை வாசல்களில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ரெமி இன்ஜினை அணைத்துவிட்டுத் தலையை நீட்டினான். "என்ன க்ளோவிஸ், பொறாமையா?"

"ஆமா, பொறாமைதான்டா! ஆனா அவளைக் கீழ இறக்கு... அந்த ரேடியேட்டருக்குள்ள தண்ணியே ஓடலை, அதான் முள்ளும் அசையலை!"