ரொஷானியின் விலாசம்

பதுளை டவுன் வங்கியில் பதினொரு மணி வெயில் கண்ணாடிக் கதவைத் தாண்டி ரொஷானியின் செருப்புவரை நீள்கிறது. எல்ல ஹோட்டல் ஒன்று மேசைவிரிப்பு தைக்க ஓடர் தந்திருக்கிறது. பணம் வாங்க, வங்கியின் போன் ஆப்பில் கடைப் பெயருக்கு ஒரு கணக்கு இன்றைக்குத் திறக்காவிட்டால் அந்த ஓடர் வேறு ஆளுக்குப் போய்விடும். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அவளுடைய தையல்கடை விலாசத்தை ஆப் ஏற்றுக்கொண்டது. குடியிருக்கும் வீட்டு இலக்கம் கேட்ட இடத்தில் 'நாலாம் லயம், ஏழாம் காம்பரா' என்று தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டு அறையை அடித்தால் சிவப்பெழுத்து வந்து மறிக்கிறது. ஊசி குத்திக் காய்த்த விரலால் மூன்றாம் தடவையும் அடிக்கிறாள். அதே சிவப்பு.

"நீங்க அங்கதான் குடியிருக்கீங்கன்னு தோட்டத்த நடத்துற தொரைகிட்ட ஒரு கடிதம் வாங்கிட்டு வாங்க தங்கச்சி," என்கிறான் கவுண்டரில் இருக்கும் துஷாந்த்.

"நான் ஒரு நாளும் காலையில வேலைக்குப் பேர் கூப்பிடுற பெரட்டுக்கு நின்னதில்ல, ஒரு கொழுந்து கிள்ளுனதில்ல. என் மெஷினுக்கு அவரு என்னாத்துக்குங்க கையெழுத்து வைக்கணும்?"

பின்னால் வரிசையில் யாரோ வேண்டுமென்றே இருமுகிறார்கள். துஷாந்த் குனிந்து குரலைத் தாழ்த்துகிறான். "நானும் தோட்டத்து ஆளுதாங்க, ஸ்பிரிங்வெளி. டவுன்ல மாமா வீட்டு விலாசத்தப் போட்டுத்தான் இந்த வேலையே எடுத்தேன். நீங்களும் அப்படி யாரையாவது புடிச்சு..."

ரொஷானி அவனுடைய டையைப் பார்க்கிறாள். நெஞ்சில் பளபளக்கும் பெயர்த்தகட்டைப் பார்க்கிறாள்.

"அப்ப நீங்களும் ஒளிஞ்சுக்கிட்டுத்தான் இங்க உக்காந்திருக்கீங்க. எனக்கு டவுன்ல மாமா இல்லங்க. மேனேஜரக் கூப்பிடுங்க."

நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டு அழுத்தமாக உட்காருகிறாள். இரும்புக் கால் தரையைக் கீறும் சத்தத்தில் வங்கியே திரும்பிப் பார்க்கிறது.